சர்வரில் நான் அடைத்த கதவுகள்

எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவனுக்கு, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வராது. சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டாலும் போகும், கொஞ்சம் தாமதமாகப் போகும்.

செங்கல் சூளை, லாரி கிளீனர், லாட்ஜ் என்று சுற்றி, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் அலுவலகத்துக்குக் கேபிள் இழுக்க வந்தேன். வீடியோ பார்த்துப் பார்த்து லினக்ஸ் சர்வர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். (உட்காரச் சொன்னது யார் என்று இன்றும் தெரியவில்லை.) இது நடந்த அன்று மாலை வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி ஷீஜா சேச்சி சொல்லியிருந்தார். "இந்த வேலையும் போச்சுன்னா நான் வள்ளியூருக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிருவேன்" என்று என் மனைவி செல்வியும் சொல்லியிருந்தாள். இருவருமே சொன்னதைச் செய்கிறவர்கள்.

காலையில் சேச்சி, "எடோ, மெயில் சர்வர்ல, வெளியிலேர்ந்து உள்ளே நுழையற பழைய டெல்நெட் வழி திறந்து கிடக்கு. அதோட வாசல், அந்த இருபத்திமூணாம் போர்ட்டை அடைச்சிடு, கேட்டோ" என்றார்.

தேடியதில் /etc/services என்றொரு கோப்பு கிடைத்தது. பக்கம் பக்கமாகப் பெயர்கள், எதிரே எண்கள். இத்தனை வாசலுமா திறந்து கிடக்கிறது! டெல்நெட் வரியை அழித்தேன். கை நிற்கவில்லை. லாட்ஜில் ஆளில்லாத அறைகளைப் பூட்டிய பழக்கத்தில், எனக்குத் தெரிந்த சில பெயர்களை விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் துடைத்தேன். பொறுப்பாக சர்வரை ஒருமுறை அணைத்தும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போன். எங்கள் சர்வரில் மெயில் வைத்திருந்த, பொன்முடி மலைக்கு வண்டி விடும் டிராவல்ஸ்காரர்.

"தம்பி, ஒரு புக்கிங் மெயிலும் வரலை. கல்லாறுல ஆளுங்க வண்டி இல்லாம நின்னுக்கிட்டு என்னைத் திட்டுறாங்க!"

"பார்க்கிறேன் சார்" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், திரையை. செல்வி பஸ் ஏறுவது, ஜன்னலோர சீட் உட்பட, கண்ணில் தெரிந்தது.

சேச்சி ஓடி வந்தார். "எந்தா செஞ்சே?"

"எல்லாத்தையும் பூட்டிட்டேன் சேச்சி."

கோப்பைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "எடா, இது எந்தப் பேருக்கு எந்த நம்பர்னு பார்க்கிற விவரம் மாத்திரம். இதுல அழிச்சா ஒரு வாசலும் அடையாது. பேர்ப்பலகையைக் கழட்டிட்டு வீட்டைப் பூட்டினேன்னு சொல்றியா?"

"அப்போ மெயில் ஏன் நின்னுச்சு?"

"மெயிலை வாங்கற புரோகிராம் எஸ்எம்டிபின்னு தன் வாசல் பேரைச் சொல்லி இங்கதான் நம்பர் தேடும். பேரே இல்லாம அது பாவம் எங்க போய் நிக்கும்?"

"டெல்நெட்?"

சோதித்தார். பேரைத் தேடாமல் நேராக எண்ணிலேயே போய் நிற்கும் அது மட்டும் சமர்த்தாகத் திறந்தே இருந்தது.

பக்கத்து சர்வரிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துப் போட்டு, மெயிலை மறுபடி ஓடவிட்டார். டெல்நெட்டையும் அவரே நிறுத்தினார். வேலை நிரந்தரமாகவில்லை, போகவும் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம். தெரியலைன்னா கேளு. மனசிலாயோ?" என்றார்.

செல்வியிடம் மறைக்காமல் சொன்னேன். சிரிப்பில் அவளுக்கு ஊருக்குப் போகிற எண்ணமே போய்விட்டது. கதை மட்டும் போனில் வள்ளியூர் போய்ச் சேர்ந்தது. இப்போதும் குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் மைத்துனன் வாசலில் நின்று கேட்கிறான்: "அத்தான், வீட்டைப் பூட்டியாச்சா, இல்ல பேர்ப்பலகையத்தான் கழட்டுனீங்களா?"

நான் திரும்பிப் போய்ப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.