வளைய ரொட்டியில் இல்லாத பொம்மை

அகாம்பரோ,
ஜனவரி 20

மதிப்பிற்குரிய டான் கிரிசோஃபரோ அவர்களுக்கு,

தங்கள் உடல்நலமும் ரொட்டி அடுப்பும் குறைவின்றி இருக்கக் கன்னி மரியாளை வேண்டுகிறேன். ‘அன்புள்ள சம்பந்தி’ என்று தொடங்கத்தான் ஆசை. அதை நீங்கள்தான் கெடுத்துக்கொண்டீர்கள்.

ஜனவரி ஆறு, மூவரசர் நாளன்று நடந்ததை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளின் நிச்சயம் முடிந்த கையோடு இரண்டு குடும்பமும் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, நீங்கள் சுட்டுக் கொண்டுவந்த பெரிய வளைய ரொட்டியை வெட்டினோம். உள்ளே ஒளித்துவைக்கும் விரல்நுனி அளவு குழந்தை இயேசு பொம்மை யார் துண்டில் அகப்படுகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் மக்காச்சோள மாவில் தமால் அவித்துப் போட வேண்டும். எனக்குச் சர்க்கரை வியாதி என்று என் மனைவி ஒபதூலியா ஒரே துண்டோடு நிறுத்திவிட்டாள். ரொட்டி தீர்ந்தது, பொம்மை வரவில்லை. ‘சம்பந்தி, பொம்மை வைக்க மறந்துட்டீங்க போல’ என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். ‘நாப்பது வருஷமா ரொட்டி சுடுறேன். யாரோ முழுங்கிட்டு முழிக்கிறாங்க’ என்று என்னையே பார்த்துச் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் நான், கோதுமையைக் கொண்டுவந்தவன் ஸ்பானியன், பக்குவம் சொல்லிக்கொடுத்தவன் பிரெஞ்சுக்காரன், இதில் உங்களுக்கென்ன இவ்வளவு மிடுக்கு என்று கேட்டேன். ‘அவன் சுட்ட ரொட்டி மொட்டையா இருந்துச்சு. மேல சர்க்கரை மாவு பூசி, சிப்பி மாதிரி கோடு கிழிச்சது நம்ம ஆளுங்க. தந்தி ஆபீசுல உக்காந்து டொக்கு டொக்குன்னு தட்டினவருக்கு இது எப்படித் தெரியும்’ என்றீர்கள். நான் பார்த்த தந்தி வேலையை இழுத்திருக்க வேண்டாம்.

அன்று முதல் என் வீட்டில் நல்ல ரொட்டி இல்லை. ரயில் நிலையத்துப் பக்கத்துக் கடையில் சிப்பி ரொட்டி வாங்கினேன். மேலிருந்த சர்க்கரை ஓடு பழைய சுவரின் காரை போல உதிர்ந்தது. சரி என்று மானத்தை மடித்து வைத்துவிட்டு ஒபதூலியாவை உங்கள் கடைக்கே அனுப்பினேன். கொம்பு ரொட்டி கேட்டவளுக்கு முழுக்கக் காது ரொட்டியாக அடுக்கி, ‘உங்க வீட்டுக்காரருக்குக் காதுதாம்மா தேவை’ என்றீர்களாம். பொறுத்துக்கொண்டேன். தின்னவும் செய்தேன்.

ஆனால் நேற்று நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. உங்கள் மகன் எவாரிஸ்டோ ஞாயிறுதோறும் என் மகள் அமாலியாவுக்கு முத்த ரொட்டி கொண்டுவருவான். இரண்டு அரை உருண்டைகள், நடுவில் ஜாம் தடவி ஒட்டியது. நேற்று ஒரே பாதியோடு வந்து நின்றான். ‘நீங்க மன்னிப்பு கேக்கணும்னு அப்பா சொல்றார். அதுவரைக்கும் பாதிதான், மாமா’ என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அமாலியா அதைத் தட்டில் வைத்து மூடிவிட்டு, ‘ஒரு பொம்மைக்காக என் கல்யாணத்தையே தின்னுட்டீங்கப்பா’ என்றாள்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். பொம்மை வைக்கவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் ஒப்புக்கொள்ளும்வரை உங்கள் வாசற்படியை மிதிக்க மாட்டேன். தங்கள் மனைவிக்கு என் வணக்கம். எவாரிஸ்டோவுக்கு என் ஆசி, அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
ஹெர்மெனெகில்டோ

பின்குறிப்பு: தபால்தலைக்காகக் கோட்டுப் பையைத் துழாவினேன். மூவரசர் நாளில் ஒபதூலியா சாக்லேட் பானம் ஊற்றத் திரும்பியபோது நான் கைக்குட்டையில் சுற்றிப் பதுக்கிய இன்னொரு துண்டு கையில் தட்டுப்பட்டது. அடியோடு மறந்திருந்தேன். கல்லாகக் காய்ந்திருந்ததைச் சூடான பாலில் தோய்த்துக் கடித்தேன். பல்லில் இடித்தது குழந்தை இயேசு. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், சம்பந்தி. இரண்டாம் தேதி தமால் என் வீட்டில்தான், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்பும் உண்டு. எவாரிஸ்டோவை இன்னொரு பாதியோடு வரச் சொல்லுங்கள். அமாலியா தன் பாதியை இன்னும் தின்னவில்லை.