யானை பார்த்துக்கொண்டிருக்க ஒரு பேட்டரிப் பரிசோதனை

எனக்கு வாகனங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இந்த ஒரு வரியை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு காட்டு யானை தேவைப்பட்டது.

அப்போது எனக்கு முப்பது வயது. யட்டவத்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னைவிட ஒரு வயது மூத்த ஜப்பான் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். வாங்கிய நாளிலிருந்து ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, இன்ஜின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லும் நிபுணனாகிவிட்டேன். (நிபுணன் என்பது நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம்.) பிளக் கரி பிடித்தால் இப்படிச் சத்தம் வரும், பெல்ட் தளர்ந்தால் அப்படி வரும் என்று ஸ்டாஃப் ரூமில் வாயாலேயே செய்து காட்டுவேன். டீச்சர்மார் அவசர அவசரமாகக் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு நிச்சயமாகியிருந்த தாரணி பலாபத்வலயில் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மீட்டரும் கையுமாகப் பேட்டரி பார்ப்பதுதான் அவள் தொழில். என் கார் காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கத் தொடங்கியபோது, ஒருதரம் கடைக்குக் கொண்டுவரும்படி மூன்று முறை சொன்னாள். கட்டிக்கொள்ளப் போகிறவளிடமே போய் என் காரைக் காட்டுவதா? நானே பிளக்கை மாற்றினேன். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டினேன். அதன் பிறகும் கார் தனக்கு மனமிருந்தால்தான் கிளம்பியது.

ஐப்பசியில் கல்யாணம். தாரணியின் அப்பா, எனக்கு மாமா, தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கொடுத்தவர். வாயைத் திறந்தால் "எத்தனை நாளா?" என்பதற்கு மேல் பேசமாட்டார். அவருக்கு என்மீது முழுத் திருப்தி இல்லை. மாப்பிள்ளைக்குப் பேச்சு நிறைய இருக்கிறது, செய்கைதான் இன்னும் தெரியவில்லை என்று வீட்டில் சொன்னாராம். ஆகவே, வில்கமுவயில் வயல் செய்யும் தன் தங்கச்சிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவர் கிளம்பியபோது, நான் கூட்டிப்போகிறேன் என்று முந்திக்கொண்டேன். ஒரே ஒரு நாள் பொறுப்பாக நடந்து காட்டினால் பெண்ணை நிம்மதியாகத் தருவார் என்பது என் கணக்கு. 

போனதும் கொடுத்ததும் சாப்பிட்டதும் நன்றாகவே நடந்தன. புறப்படும்போது மாமாவின் தங்கச்சி ஒரு பெரிய பூசணிக்காயை டிக்கியில் வைத்தார். வெயில் சாய்ந்தால் யானை ரோட்டுக்கு வந்துவிடும், காட்டுப் பக்கத்தைத் தாண்டும்வரை எங்கேயும் நிறுத்தவேண்டாம் என்று என்னிடம் தனியாக வேறு சொன்னார்.

சரியாக அந்தக் காட்டுக்கு நடுவில்தான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டொக். டொக். வளைவில் அதிகம், நேர்ப் பாதையில் குறைவு. எனக்குச் சந்தேகமே இல்லை. இன்ஜினுக்குள் பேரிங் போய்விட்டது, இப்படியே ஓட்டினால் இன்ஜின் இறுகிவிடும் என்று மாமாவுக்கு விளக்கிவிட்டு, ஓரமாக நிறுத்தி, நன்றாகக் கேட்பதற்காக இன்ஜினையும் அணைத்தேன். (அணைத்த இன்ஜினில் என்ன சத்தம் கேட்கும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

பானெட்டைத் திறந்து, நாலு வயரைத் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, மூடிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். "டிக்" என்றது. மறுபடி திருப்பினேன். மறுபடியும் "டிக்". மாமா இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, முன்னால் ஒரு லைட் போஸ்டுக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரத்தில், ரோட்டின் நடுவே யானை ஏறி நின்றது.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். என் கை தானாகப் போய் நான்கு கதவின் பூட்டையும் அமுக்கியது.   நான் செத்துப்போவேன் என்று உண்மையாகவே நம்பினேன். தாரணிக்கு ஃபோன் எடுத்து, கார் நின்றுவிட்டது, முன்னால் யானை என்றேன்.  அவள் கடையில் பேசும் குரலில் பேசினாள்.

"ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க. லைட்டு மங்குதா, ஒரேயடியா அணையுதா?"

யானையின் முகத்திலேயே வெளிச்சத்தை அடித்துத் திருப்பினேன்.

"அணையுது. விட்டா மறுபடி எரியுது."

"அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு. பேட்டரி எறங்கியிருந்தா மங்கும். கிளாம்பு புடிக்கல. எறங்கி, பேட்டரி மேல இருக்கிற ரெண்டு கிளாம்பையும் கையால நல்லா திருகி விடுங்க." பிறகு கேட்டாள். "அப்பா எங்க?"

 அப்போது பக்கத்துக் கண்ணாடியில் தொம் தொம்மென்று அடி விழுந்தது. யானை தும்பிக்கையால் தட்டுகிறது! ஃபோனைக் கீழே போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தப் பூட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன்.

"மாப்பிள்ளை, தெறங்க. மாப்பிள்ளை."

யானை என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தேன். வெளியே, ஒரு கையில் பூசணிக்காயை அணைத்துக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்துப்போய் மாமா நின்றார். திறந்தேன். ஏறினார். மடியில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"சத்தம் இதுதான். டிக்கில உருண்டுகிட்டு கெடந்துச்சு" என்றார். "புள்ள என்ன சொல்லுச்சு?"

சொன்னேன்.

"அப்ப எறங்குங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கினேன். அவர் தன் பக்கக் கதவைத் திறந்து பூசணிக்காயை ரோட்டோரப் பள்ளத்தை நோக்கி உருட்டிவிட்டார். யானை நிதானமாக வந்து அதை மிதித்து உடைத்தது. அது கறுக் முறுக்கென்று மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பானெட்டைத் தூக்கினேன்.

கிளாம்பைத் திருகியதும் உள்ளிருந்து மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. சந்தனம். இரண்டு வாரத்துக்கு முன் ஆயுத பூஜைக்கு ஊரெல்லாம் பானெட்டில் பொட்டு வைத்தார்கள். நான் நிபுணனல்லவா? காரின் உயிரே பேட்டரியில்தான் இருக்கிறது என்று கிளாம்பைக் கழற்றி, இரண்டு முனைகளிலும் சந்தனமும் குங்குமமும் அப்பி, அதற்கு மேல் மறுபடி பூட்டியிருந்தேன். பக்தியோடு நானே வைத்த பொட்டு காய்ந்துபோய்க் கரண்டைத் தடுத்துக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் திருகினேன். மாமா எட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது.

பானெட்டை மூடிவிட்டு ஓடிவந்து கதவை இழுத்தேன். பூட்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மாமா என்னை அமைதியாகப் பார்த்தார். மூன்று விநாடிதான் என்று இன்றும் சாதிக்கிறார். அது மூன்று விநாடி இல்லை.

 கல்யாணம் அவ்வளவுதான், பத்திரிகையைத் திரும்ப வாங்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பலாபத்வலயில் அவர்கள் வீடு வரைக்கும் ஓட்டினேன். பொய் சொல்லித் தப்பவும் வழியில்லை. கீழே விழுந்த ஃபோன் சீட்டுக்கு அடியில் கிடந்தபடி எல்லாவற்றையும் தாரணிக்கு ஒலிபரப்பியிருக்கிறது. வாசலிலேயே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"பயந்தாங்கொள்ளிதான். ஆனா எறங்கச் சொன்னதும் எறங்கிட்டாரு."

அந்த ஐப்பசியில்தான் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. காரின் பானெட்டைத் திறக்கும் உரிமை இப்போது தாரணிக்கு மட்டும்தான். (நான் டார்ச் பிடிக்கலாம்.) எங்கள் வீட்டில் யார் எந்தக் கதவைத் தட்டினாலும், "யானையா, மாமாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார்கள். குளியலறைக்குள் இருந்து என் ஐந்து வயது மகளும் அதைத்தான் கேட்கிறாள். மாமா மட்டும் வாசலில் வந்து நின்றால் யாரும் கேட்பதற்கு முன்பே அவரே குரல் கொடுப்பார்.

"யானைதான் மாப்பிள்ளை, தெறங்க."

நான் எந்த வேலையில் இருந்தாலும் அதைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திறக்கிறேன்.