நாலு விரல் மேலே ஓர் ஓட்டை

டம்மென்று உதறிக்கொண்டு மூலையிலிருந்த ஃப்ரீசர் ஓடத் தொடங்கியது. தராசில் அசையாமல் நின்ற எண் இரண்டு புள்ளி ஏறியது, ஒன்று இறங்கியது, அப்புறம் எங்கே நிற்பதென்று தெரியாமல் தவித்தது.

ஓட்வார் அதையே முறைத்துப் பார்த்தார்.

"நீதானா அது?" என்று ஃப்ரீசரைக் கேட்டார்.

மூன்று சனிக்கிழமைகளாக அவருக்குத் தூக்கமில்லை. துப்பாக்கிச் சங்கத்தில் ஐந்து குண்டு சுடுவார். நாலு ஓட்டை ஒரு நாணயத்தால் மூடிவிடும் அளவுக்கு நெருங்கி விழும். ஐந்தாவது மட்டும் நாலு விரல் மேலே தனியாக உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரிக்கும். தோட்டாக்களை அவரே நிலவறையில் அமர்ந்து, வெடிமருந்தை எடை போட்டு நிரப்புகிறவர். ஐந்தில் ஒன்றில் மருந்து கூடிவிடுகிறது என்பதைத் தவிர வேறு காரணம் அவருக்குத் தோன்றவில்லை.

நாளை மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். மூன்று இடம். இருபத்திரண்டு வருஷமாக அதில் ஒன்று ஓட்வாருடையது. சங்கத் தலைவர் ஸ்வெர்ரே போன வாரமே சொல்லிவிட்டார்: "அடுத்த வாரமும் ஒண்ணு மேல போச்சுன்னா, மூணாவது இடம் தோர்டிஸுக்கு."

தோர்டிஸுக்கு எழுபத்தாறு வயது. செத்துப்போன புருஷனின் துப்பாக்கி, ஓட்வாருடையதைப் போலவே அதே அளவுக் குண்டு. ஆனால் அவள் தராசே வைத்துக்கொள்ளவில்லை. பழைய தோட்டாக் கூட்டை வெட்டி, கம்பியில் பிடி வைத்த ஒரு கரண்டி. புட்டுக்கு மாவு அள்ளுவதுபோல மருந்தை அள்ளிப் போடுவாள். அவளிடம் தோற்பதா?

ஓட்வார் எழுந்து ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கினார்.

அடுத்த நிமிஷம் மனைவி போடில் படியில் நின்றாள். "சத்தம் ஏன் நின்னுச்சு?"

"ஒரு மணி நேரம்தான்."

"அதுல ஏழு கிலோ மூல்தெப் பழம் இருக்கு, ஓட்வார். சதுப்புல முழங்கால் முங்க நின்னு, கொசுவுக்கு ரத்தம் குடுத்துப் பொறுக்கினது. ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வர்றா. எந்த இடத்துல கிடைச்சதுன்னுதான் அவகிட்ட சொல்லமாட்டேன், பழத்தையாவது கண்ணுல காட்ட வேண்டாமா?"

"ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது."

போடிலின் பார்வை சுவரில் குத்தியிருந்த மூன்று இலக்கு அட்டைகள் மேல் போனது. "சேந்திருக்கிற இந்த நாலு ஓட்டையில ஒண்ணு மட்டும் ஏன் பெருசா இருக்கு?"

"அட்டை ஈரம்."

"மூணு அட்டையிலயுமா?"

"போடில், நான் எடை போட்டுக்கிட்டிருக்கேன்."

ஃப்ரீசர் அடங்கியும் எண் அடங்கவில்லை. காற்றுப்போக்கி விசிறியை நிறுத்தினார். அப்புறம் சூடாக்கியிலிருந்து கிளம்பும் காற்று. அதையும் நிறுத்தினார். காலை பதினொரு மணிக்குப் போடில் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி வந்தாள்.

"மேல என் காபி ஆறிப்போகல, உறைஞ்சுபோச்சு."

"பேசாதே. உன் மூச்சு தராசுல படுது."

மூச்சுதான் கடைசி எதிரி என்று அவருக்கு அப்போதுதான் புலப்பட்டது. கம்பளித் துண்டால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டிக்கொண்டார். மூச்சு மேலே ஏறி மூக்குக் கண்ணாடியில் பனியாகப் படிந்தது. தராசு அசையவில்லை, ஆனால் எண்ணும் தெரியவில்லை.

"போடில், நீ படிச்சுச் சொல்லு. அங்கேயே நில்லு, கிட்ட வராதே."

"படியிலேருந்து எப்படித் தெரியும்?"

வேட்டைக்கு எடுத்துப்போகும் பைனாகுலரை அவளிடம் நீட்டினார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமான அந்தப் பெண்மணி, மேல்கோட்டும் தொப்பியுமாகப் படியில் உட்கார்ந்து, பத்தடி தூரத்திலிருந்த தன் புருஷனின் தராசைப் பைனாகுலரில் பார்த்தாள்.

"கடைசி எண் ஆறு."

"நிஜமா?"

"ஏழு. இல்ல, ஆறு. கை நடுங்குது."

"ஏன் நடுங்குது?"

"குளிருது, மடையா."

ஓட்வார் ஒரு மருந்துத் துகளை இடுக்கியால் எடுத்தார். பிறகு இன்னொன்றை. மூச்சடக்கியதில் தலை சுற்றி, முழங்கை தட்டு மேல் பட, அதுவரை நிறுத்து வைத்ததெல்லாம் மேஜையில் சிதறியது. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆறு தோட்டாக்கள் வரிசையில் நின்றன. ஆறும் கடைசி எண்வரை ஒரே எடை. ஓட்வார் துண்டை அவிழ்த்துப் பெருமூச்சு விட்டார். காலுறை நனைந்திருப்பது அப்போதுதான் உறைத்தது.

பொன்னிறச் சாறு ஃப்ரீசருக்கு அடியிலிருந்து கிளம்பி, நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு, வடிகாலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

போடில் கத்தியிருந்தால் பரவாயில்லை. பைனாகுலரைக் கழற்றி, மெதுவாகப் படியில் வைத்தாள்.

"நாளைக்கு அங்க உனக்கு இடம் கிடைக்கலன்னா," என்றாள், "இங்கயும் கிடையாது."

சனிக்கிழமை காலை சுடுமைதானத்தில் ஓட்வார் சுடுகிறவர்கள் வரிசையில் நாலாவது இடத்தில் குப்புறப் படுத்தார். ஐந்தாவதில் தோர்டிஸ். பழைய இடத்தில் வெயில் கண்ணில் குத்துகிறதென்று இந்த மாதம்தான் மாறி வந்திருந்தாள். துப்பாக்கிக் குழாயைச் சூடாக்க ஆளுக்கு ஒரு குண்டை மண்மேட்டில் விட்டுக்கொள்வது சங்கத்து வழக்கம். ஓட்வாரும் விட்டார். மிச்சம் ஐந்து. காதுக்கவசத்துக்கு வெளியே வரிசை முழுக்க வெடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே விட்டார். ஐந்தும் வெண்ணெயில் கத்திபோலப் போனதைத் தோள் சொன்னது.

அட்டைவரை நடந்துபோனார்.

நாலு ஓட்டை, பூவிதழ்போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. ஐந்தாவது, நாலு விரல் மேலே.

ஸ்வெர்ரே அளவுகோலை வைத்தார். "இதுல ஒண்ணு கொஞ்சம் பெருசா இருக்கே."

"ஈரம்," என்றார் ஓட்வார், உயிரில்லாமல்.

"என்ன செய்ய, ஓட்வார். அஞ்சு குண்டு, அஞ்சு ஓட்டை." ஸ்வெர்ரே அடுத்த அட்டைக்கு நகர்ந்தார். தோர்டிஸின் ஐந்தும் ஒரு காபிக் கோப்பைக்குள் அடங்கின.

சங்கக் குடிசையில் வாஃபிளும் பழுப்புச் சீஸும் மணந்தன. போடில் எதிரே உட்கார்ந்து, வீட்டுச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைத் தனியாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். தோர்டிஸ் தட்டோடு வந்து ஓட்வார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மனசுல வெச்சுக்காதே, ஓட்வார்."

"இல்ல, தோர்டிஸ். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கரண்டியில அள்ளிப் போடுறீங்க. எப்படி உங்களுக்கு ஒண்ணுகூட மேல போறதில்ல?"

தோர்டிஸ் வாஃபிளைப் பிய்த்து அதன் மேல் சீஸை வைத்தாள்.

"போகாம என்ன? குழாய் சில்லுனு இருக்கிறப்ப முதல் குண்டு எப்பவும் நாலு விரல் மேலதான் போகும். மண்ணுல விட்டா எங்க போச்சுன்னு எப்படித் தெரியும், அதனால அந்த ஒண்ணை மட்டும் உன் அட்டையில விட்டுப் பாத்துக்குவேன்."