எதிர்ப்பு வராத ஒரு மணித்தியாலம்

அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் தங்களைப் புத்திசாலிகள் என்றுதான் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன்.

மானிப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் நாலு பேர் ஒரு விளையாட்டு விளையாடுவோம். நான், மனைவி கௌரி, ஓய்வுபெற்ற தபாலதிபர் யோகன் அண்ணை, யாழ்ப்பாணம் ரவுணிலிருந்து பஸ்ஸில் வரும் நஸீரா ரீச்சர். விளையாட்டே விதி செய்வதுதான். ஒருவர் புதிய விதியை முன்மொழிவார். எல்லோரும் சம்மதித்தால் அது விதியாகும், அவருக்குப் புள்ளி. தேநீரும் சண்டையுமாக ஒரு விதிக்கே ஒரு ஞாயிறு போய்விடும்.

எனக்குப் பொறுக்கவில்லை. ‘அவசர வழி’ என்று ஒன்றைக் கொண்டுவந்தேன். எங்கள் வட்சப் குழுவில் போட்ட முன்மொழிவை ஒரு மணித்தியாலத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால், அது நிறைவேறிவிடும்.

"கதைக்காமல் விதி செய்யிறதெண்டால், பிறகேன் நாங்கள் கூடுறம்?" என்றார் யோகன் அண்ணை. ஆனாலும் என் முகத்துக்காகச் சம்மதித்தார்.

மறுநாள், வழி வேலை செய்கிறதா என்று பார்க்க, பகிடியாக ஒன்று போட்டேன்: ‘இந்த விளையாட்டு இத்துடன் முடிவடைகிறது.’ மூவரும் பாய்ந்து விழுந்து எதிர்ப்பார்கள் என்று நம்பி (என் மூளையை நானே மெச்சிக்கொண்டு) வாழைக்குத் தண்ணீர் விடப் போனேன்.

திரும்பி வந்தபோது மணித்தியாலம் தாண்டியிருந்தது. ஒரு பதிலும் இல்லை.

"யோகன் அண்ணை எதிர்ப்பார்தானே எண்டு விட்டிட்டன்," என்றாள் கௌரி. யோகன் அண்ணை ரீச்சரை நம்பியிருந்தார். ரீச்சர் போனை அணைத்துவிட்டு வகுப்பில் நின்றார்.

ஞாயிறு கூடியபோது, "இன்னொரு விதி போட்டு அதை நீக்குவம்," என்றேன்.

"எந்த விளையாட்டின்ரை விதியாலை? அதுதான் முடிஞ்சுபோச்சே, தம்பி." யோகன் அண்ணை கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"புதுசாத் தொடங்குவம் அண்ணை," என்றார் ரீச்சர் என்னிடம். தொடங்கினோம். ஆனால் சண்டை பிடித்துச் செய்த பழைய விதிகள் இல்லாமல் அதில் உயிர் இல்லை. பிறகு ரீச்சருக்கு ஞாயிறும் ரியூசன் வந்தது. யோகன் அண்ணை தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தார். வராமல் விட்டதை ஒருவரும் எதிர்க்கவில்லை. அதுவும் நிறைவேறியது.

இப்போதும் நான் ஒரு தேநீர் கேட்டால் போதும், கௌரி மகளிடம் சொல்வாள்: "அப்பாவுக்கு அவசர வழியோ, யோகன் அண்ணை வழியோ எண்டு கேள் பிள்ளை."

"யோகன் அண்ணை வழி," என்பேன். தேநீர் வர நேரம் செல்லும். வரட்டும்.