ஜன்னல் மூலையும் ஒரு ரிஜெக்ட் செடியும்

வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்றபடியே நான் ஒரு சபதம் எடுத்தேன். என் நாற்காலியை மீட்டே தீருவது.

நின்றபடி எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. உட்கார இடமில்லை.

எங்கள் கூடத்தில் ஜன்னலை ஒட்டி ஒரு மூலை. அங்கேதான் என் பிரம்பு நாற்காலி கிடந்தது. காற்று வரும். வெளிச்சம் வரும். டிவி நேராகத் தெரியும். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாது. இத்தனை வசதியும் சேர்ந்த இடம் திருப்பூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

அந்த இடத்தைத்தான் என் மனைவி சித்ரகலா ஒரு செடிக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டாள். முதலில் ஒரு மணி பிளான்ட் பாட்டிலுக்குள் ஏறி வந்தது. சாதுவாக இருந்தது, விட்டுவிட்டேன். அடுத்து ஸ்நேக் பிளான்ட். ராத்திரியெல்லாம் ஆக்சிஜன் விடுமாம். அது இல்லாமலே ஐம்பது வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டே தொட்டியைத் திருப்பி வைத்தாள். அப்புறம் வந்ததுதான் மான்ஸ்டெரா. முறம் அகலத்துக்கு இலை.

"இதுக்கு வெளிச்சம் வேணுமுங்க. ஆனா நேர் வெயில் ஆகாதுங்க" என்றாள்.

"ஜன்னலத் தொறந்து வெச்சா?"

"காத்து வேணுமுங்க. ஃபேன் காத்து ஆகாதுங்க."

"தண்ணி?"

"ஊத்தோணும். எச்சா ஊத்தக்கூடாதுங்க."

இத்தனை நிபந்தனையை நான் சாப்பாட்டில் போட்டிருந்தால், ஓட்டலுக்குப் போய்க்கொள்ளுங்கள் என்றிருப்பாள். செடி போட்டது, மூலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். என் நாற்காலி வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே உட்கார்ந்தால் துணி சுற்றுவதைப் பார்க்கலாம். நாள் முழுக்கத் துணியைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அது ஒரு பொழுதுபோக்கா?

நான் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் இன்சார்ஜ். பேர் ஞானசம்பந்தம். பேருக்கு ஏற்ற ஞானம் உண்டா என்று கேட்டால், ஓட்டை விஷயத்தில் மட்டும் உண்டு. கண்ணாடிப் பலகைக்கு அடியில் டியூப்லைட் எரியும். மேலே துணி ஓடும். எங்காவது கடுகளவு ஓட்டை தெரிந்தால் மிஷினை நிறுத்தி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு ஓட்டை கப்பல் ஏறியதில்லை. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தோசையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் சாப்பிடுவேன். தட்டில் விழும் அடுத்த தோசையின் சத்தத்தில் அவள் கருத்து தெரியும்.

சபதம் எடுத்த மறுநாளே வாய்ப்பு வந்தது. மூலனூரில் மைத்துனன் புது வீடு கட்டியிருந்தான். குடிபுகும் புண்ணியார்ச்சனைக்கு ஒத்தாசை செய்ய சித்ரகலா முன்கூட்டியே கிளம்பினாள். பஸ் ஏறும்போதும் செடிப் பேச்சுதான்.

"இலையில தூசி நின்னா மூச்சு முட்டுமுங்க. பனியன் வேஸ்ட்ட நனைச்சு மெதுவாத் தொடச்சு உடுங்க."

"எனக்கு மூச்சு முட்டுனா யாரு தொடப்பா?"

"சரிங்க" என்றாள்.

என் மனைவி சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சரிங்க என்பாள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அவள் இஷ்டப்படி நடக்கும். இருபத்தைந்து வருடமாக இதுதான் எங்கள் வீட்டு நிர்வாகம்.

மறுநாள் காலை வேண்டா வெறுப்பாக வேஸ்ட் துணியை நனைத்துக்கொண்டு செடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அந்தச் செடியை நான் அதுவரை முகம் கொடுத்துப் பார்த்ததே இல்லை. ஒரு இலையைத் தூக்கிப் பிடித்தேன். ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்தது. அசல் செக்கிங் பலகை மாதிரியே இருந்தது. என் கை தானாக நின்றது.

இலையில் ஓட்டை.

ஒன்றல்ல. நடு நரம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரிசையாக ஓட்டை. அடுத்த இலையைத் தூக்கினேன். அதிலும் ஓட்டை, போதாததற்கு ஓரம் வரைக்கும் கிழிசல். பூச்சி தின்றிருக்குமோ? பூச்சி தின்றால் ஓரம் பழுத்திருக்கும். இது கத்தரித்த மாதிரி சுத்தமாக இருந்தது. அப்படியானால் தயாரிப்பிலேயே கோளாறு. ஊசி உடைந்த மிஷினில் ஓட்டின துணி இப்படித்தான் ஒரே வரிசையில் ஓட்டை விழுந்து வரும்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. டிஃபெக்ட் பீஸ். டிஃபெக்ட் என்றால் ரிட்டர்ன். ரிட்டர்ன் போனால் மூலை காலி. மனைவியிடம் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம், ஏமாந்துவிட்டாய் அம்மிணி, நான்தான் காப்பாற்றினேன் என்று.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அங்கேயிருந்தே குட்டியானை வண்டியை வரவழைத்தேன். பக்கத்து வீட்டு மூக்கையா ஒரு கை பிடித்தார். விருதுநகர் பக்கத்துக்காரர், டெய்லர்.

"என்னண்ணே, மதினி ஊர்ல இல்லாதப்ப செடிய எங்கிட்டுக் கொண்டு போறீக?"

"ரிட்டர்ன் மூக்கையா. பூராவும் ஓட்டை."

அவர் இலையைத் தடவிப் பார்த்தார். "அண்ணே, எனக்கென்னமோ இது பொறப்பே இப்படித்தேன்னு தோணுது."

"இருவது வருசமா ஓட்டை பாக்கறவன் நானு. நீங்க சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்கறவரு. உங்களுக்கு ஓட்டைன்னா பாசம் இருக்கத்தான் செய்யும்."

"என்னமோ போங்க. மதினிட்ட ஒரு வார்த்தை..."

"போனப்புறம் சொல்லிக்கலாம்."

அவிநாசி ரோட்டில் தெய்வாத்தாள் என்ற அம்மா நர்சரி வைத்திருக்கிறார். சித்ரகலா செடி வாங்குவது அங்கேதான். வண்டியிலிருந்து மான்ஸ்டெரா இறங்குவதைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏனுங்ணா, செடிக்கு என்னாச்சுங்க?"

"என்னாச்சா? நீங்களே பாருங்க. ஒரு இலை உருப்படியா இல்லீங்க. எல்லாம் ஓட்டை."

அவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி இலையைப் பார்த்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஆமாங்ணா. ஓட்டைதானுங்க."

"ஒத்துக்கறீங்கல்ல?"

"கண்ணுக்கு முன்னால இருக்கறத இல்லைன்னு சொல்ல முடியுங்களா? ஒரு நிமிசம் இருங்க, ஒரு போன் பேசிட்டு வந்தர்றேன்."

ஷெட்டுக்குள் போனார். உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் ஈரமாக இருந்தது. மண்தூசி என்றார்.

"காசு வாபஸ் இல்லீங்ணா. மாத்திக்குங்க. உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்குங்க."

எனக்கு வேண்டியது இரண்டுதான். உருவம் சின்னதாக இருக்க வேண்டும், நாற்காலிக்கு இடம் விட வேண்டும். இலையில் ஓட்டை இருக்கக் கூடாது. வரிசை வரிசையாகக் குனிந்து, போன் டார்ச்சை அடித்துத் தேடினேன். கடைசியில் ஒரு ஓரத்தில் மூன்று சின்னத் தொட்டிகள் கிடைத்தன. உள்ளங்கை அளவு இலை. வெற்றிலை மாதிரி வழவழவென்று, ஒரு குறை இல்லை. ஏ கிரேடு சரக்கு.

"இதுல ஓட்டை வராதுங்களே?"

"இப்பத்திக்கு ஒண்ணுமில்லீங்ணா" என்றார் தெய்வாத்தாள். இத்தனை நேர்மையான வியாபாரியை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து தொட்டிகளை ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தேன். வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து மூலையில் போட்டேன். உட்கார்ந்தேன். காற்று வந்தது. அந்தச் சுகத்தைக் கெடுக்க மனமில்லாமல் மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டேன்.

புண்ணியார்ச்சனை முடிந்து, ஒரு கட்டு முருங்கைக்காயோடு சித்ரகலா திரும்பி வந்தாள். காயை இறக்கி வைத்தாள். மூலையைப் பார்த்தாள். நான் எழுந்து நின்று, செக்கிங் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். காயைப் பங்கு வாங்கிப் போக வந்த மூக்கையா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். வெடிக்கிற நேரத்தில் சாட்சி வேண்டும் என்று நானும் அவரைப் போகச் சொல்லவில்லை.

வெடிக்கவில்லை.

"நல்ல காரியம் பண்ணினீங்க. எனக்கு இந்தக் கண்ணு இல்லாமப் போச்சுங்க" என்றாள்.

எனக்கு உடம்பு கொஞ்சம் பூரித்தது. "அதுக்குத்தான் அனுபவம் வேணுங்கறது."

"இந்த மூணுலயும் ஓட்டை வராதுங்களா?"

"நான் பாஸ் பண்ணுன சரக்கும்மிணி. வராது."

"வந்துட்டா?"

மூக்கையா அங்கிருந்தே தலையை ஆட்டினார், வேண்டாம் என்கிற மாதிரி. நான் கவனிக்கிற நிலையில் இல்லை.

"வந்தா, இந்த நாற்காலிய என்ற கையாலயே தூக்கி வெளிய வெக்கறேன்."

"வராம நீங்களே பாத்துக்கோணும். நான் கை வெச்சு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா, என்ற மேல பழி வருமுங்க."

"நானே பாத்துக்கறேன்."

"சரிங்க" என்றாள்.

அன்றிலிருந்து நான் தோட்டக்காரன் ஆனேன். ஆரம்பத்தில் பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஒரு இலை மஞ்சளானது. விரலை மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும் என்று அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து சொன்னாள். விரலை விட்டேன். வெளிச்சம் ஒரே பக்கம் விழுந்தால் செடி சாய்கிறது, வாரத்துக்கு ஒரு தரம் தொட்டியைத் திருப்புங்கள் என்றாள். திருப்பினேன். கம்பெனியிலிருந்து நல்ல பருத்தி வேஸ்டாகப் பொறுக்கி வந்து இலைகளைத் துடைத்தேன். பாலியஸ்டர் கலந்த துணியை அதுகளின் மேல் பட விடமாட்டேன். நான் தரையில் உட்கார்ந்து துடைக்கும்போது அவள் காபியோடு என் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். காலியாகத்தானே கிடக்கிறது என்பாள்.

எனக்கு அது ஒன்றும் குறையாகப் படவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த மாதங்கள் சந்தோஷமாகப் போயின. புது இலை பச்சைச் சுருட்டு மாதிரி நீட்டிக்கொண்டு வரும். வேலைக்குப் போனாலும் நினைப்பு அதன் மேலேயே இருக்கும். விரிந்துவிட்டதா என்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பேன். மனைவி நலமா என்று கேட்டு நான் அத்தனை போன் போட்டதில்லை என்று அவள் சொன்னாள். அது நியாயமான புகார்தான்.

தீபாவளி ஆர்டர் நெருக்கடியெல்லாம் ஓய்ந்த ஒரு காலை. நடுத் தொட்டியில் பெரிய சுருள் ஒன்று அவிழ்ந்திருந்தது. அதுவரை வந்த இலைகளில் அதுதான் அகலம். தொட்டால் காயாத அப்பளம் மாதிரி இருந்தது. ஆசையாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

நடு நரம்புக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு ஓட்டை. அதன் பக்கத்தில் இன்னொன்று.

முதலில் கத்தரிக்கோல் எடுக்கத்தான் போனேன். அவள் எழுவதற்குள் அந்த ஒரு இலையை வெட்டிவிட்டால் போதும். நாற்காலி தப்பிக்கும். கத்தரியை இலைக் காம்பு வரை கொண்டுபோய்விட்டேன். அந்த இலை மினுமினுவென்று என்னைப் பார்த்தது. நான் விரல் விட்டு, துடைத்து, திருப்பி வளர்த்த இலை. எத்தனையோ துணிகளுக்கு ஈவிரக்கமில்லாமல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய இந்தக் கைக்கு அதை வெட்ட வரவில்லை. அழகாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஓட்டையோடுதான் அழகாக இருந்தது.

கத்தரியை வைத்துவிட்டு, சத்தமில்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் போர்டிகோவில் போட்டேன். திரும்பி வந்தால் சித்ரகலா கூடத்தில் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, சேர் எங்கீங்க?"

"வெளிய காத்து நல்லா வருதும்மிணி."

"ஓட்டை வந்துருச்சுங்களா?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"சுருள்லயே தெரிஞ்சுதுங்க. அதுதான் நேத்தே தெய்வாத்தாக்காவுக்குப் போன் போட்டுட்டேன். மத்தியானம் பெரிய செடியக் கொண்டாந்து எறக்கறேன்னாங்க."

"எந்தப் பெரிய செடி?"

"நீங்க ரிட்டர்ன் பண்ணுனதுங்க. அன்னைக்கே போன்ல கேட்டாங்க, என்ன பண்றதுன்னு. அவரு கேக்கறத எடுத்துக்கட்டும், பெருசு அங்கயே இருக்கட்டும், பெரிய தொட்டிக்கு மாத்தி, கம்பு கட்டி வளத்துக் குடுங்கன்னு சொல்லிப்போட்டேன். இந்த மூணும் அதே வகைக் குட்டிங்கதானுங்க. சின்னதுல ஓட்டை இருக்காது. வளந்தா வந்துரும்."

"அப்ப ஓட்டை வரும்னு தெரிஞ்சேதான் பந்தயம் கட்டுனியா?"

"பந்தயம் கட்டுனது நீங்க. நான் சரிங்கன்னுதான சொன்னேன்."

மத்தியானம் குட்டியானை வந்தது. அதே வண்டி, அதே டிரைவர். மான்ஸ்டெரா இப்போது என் தோள் உயரத்துக்கு வளர்ந்து கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும் மூக்கையாவும் தூக்கி வந்து மூலையில் வைத்தோம். மூக்கையா நல்ல மனுஷன், சிரிப்பை வீட்டுக்குப் போய்ச் சிரிப்பதற்காக அடக்கிக்கொண்டிருந்தார். பெரியதற்கு மேலேயும் கீழேயும் எத்தனை ஓட்டை என்று என் கண் தானாகத் தேடியது. எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றுகூட அடைபடவில்லை என்று ஒரு நிம்மதி.

"இந்தக் குட்டிங்களுக்கு வெளிச்சம் பத்தலீங்க. பெருசு மறைக்குது. இன்னும் கொஞ்சம் உசரத்துல வெக்கோணும்" என்றாள் சித்ரகலா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. பிறகு போர்டிகோவைப் பார்த்தாள்.

நாற்காலி மறுபடியும் ஜன்னல் மூலைக்கே வந்துவிட்டது. அதில் மூன்று தொட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன.