ஆறு வாளிக்கு மட்டும் மருந்து

கொசுவைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் முழுமனதாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. இப்போதும் கிட்டத்தட்ட அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் திருவண்ணாமலையில், அதிலும் செங்கம் ரோட்டில், அதிலும் என் அக்கா வீட்டுக்காரர் காதில் விழும்படி அதைச் சொல்வதில்லை.

அப்போது நான் வேலூரில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. இரண்டாம் வருடம். (முதல் வருடத்தில் நமக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்திருக்கும். மூன்றாம் வருடத்தில் அது மறுபடி தெரியவரும். நடுவில் இருக்கிற வருடம்தான் ஆபத்து.) கொசுக்கள் வாசனையால் பேசிக்கொள்வது பற்றி என் ஆராய்ச்சி. ஒரு பெண் கொசு தண்ணீரில் முட்டையிட்டால், அந்த முட்டைகளிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். நம் மூக்குக்கு எட்டாது. மற்ற பெண் கொசுக்களுக்கு மட்டும் ‘இடம் நல்ல இடம், நம்பி வாங்க’ என்று செய்தி போய்விடும். அந்த வாசனையை ஆய்வுக்கூடத்தில் செய்து, ஒரு வாளித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டு, கூடவே கொசுப்புழுவைக் கொல்லும் தூளையும் கலந்து வைத்துவிட்டால்? கொசுக்கள் தேடிவந்து அங்கேயே முட்டையிடும். பொரிக்கிற புழு ஒன்றுகூடத் தேறாது. தெருத்தெருவாகப் புகையடிக்க வேண்டாம். அழகான யோசனை. இன்றைக்கும் அழகான யோசனைதான், அதில் எந்தக் குறையும் இல்லை. குறை என்னிடம் இருந்தது.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) பயிர் போட்டுக்கொண்டிருந்த மாமா, அந்த வருடம்தான் செங்கம் ரோட்டில் எட்டு அறைகளோடு ஒரு விடுதி திறந்திருந்தார். பாதி அறைகள் பூட்டியே கிடந்தன. அக்கா கவலையில் இளைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் பெங்களூரில் தியான வகுப்பு நடத்தும் மாலதி மேடம் போன் செய்தார். சித்ரா பௌர்ணமியை ஒட்டிப் பதினான்கு பேரோடு வந்து பத்து நாள் தங்குவார்கள். பிடித்துப்போனால் இனி வருடாவருடம் இங்கேதான். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “கொசு இருக்குமா?”

மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “எங்க கொழுந்தியா கொசுவுலதாங்க டாக்டர் பட்டமே வாங்குறா.”

அவ்வளவு நம்பிக்கை என்மேல். எனக்கும் என்மேல் அவ்வளவு நம்பிக்கை. குழு வருவதற்கு எட்டு நாள் முன்பு போய், பின்பக்கச் சுவரை ஒட்டிப் பன்னிரண்டு கறுப்பு வாளிகளை வரிசையாக வைத்தேன். பன்னிரண்டிலும் வாசனைச் சொட்டு. மருந்துத்தூள் மட்டும் ஆறு வாளிக்கு.

மீதி ஆறு? ஒப்பிட்டுப் பார்க்க! மருந்து போட்டதில் எத்தனை புழு, போடாததில் எத்தனை புழு என்று எண்ணிக் காட்டாவிட்டால் எந்தப் பேராசிரியர் ஒப்புக்கொள்வார்? அக்கா வீட்டின் பிழைப்பு வேறு, என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் வேறு என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. ஏசி போட்ட எங்கள் ஆய்வுக்கூடத்தில் முட்டை கொசுவாக மாறப் பன்னிரண்டு நாள் ஆகும். பத்தாம் நாள் நானே எண்ணிவிட்டுக் கொட்டிவிடுவதாகத் திட்டம். ஒவ்வொரு வாளியிலும் ‘தொடாதீர்கள்’ என்று தாள் ஒட்டிவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஆறாம் நாள் அக்கா போன் செய்தாள். “ஏண்டி, வாளியில என்னமோ நெளியுதுடி.”

“நெளியணும்கா. அதான் டேட்டா.”

“ரொம்ப ஜாஸ்தியா நெளியுதே. கீழ ஊத்திடட்டுமா?”

“ஐயோ அக்கா, கை வெச்சிடாத! ரெண்டு வருஷ உழைப்பு!”

(புழுக்களுக்கு வயது நாலைந்து நாள். உழைப்பு யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

எட்டாம் நாள் குழு வந்து இறங்கியது. நானும் வேலூரிலிருந்து வந்து சேர்ந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, தியானத்துக்கு முன்பு, மொட்டை மாடியில் நான் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றுவதாக ஏற்பாடு. நானேதான் ஏற்பாடு செய்தேன். எதிரே மலை, வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம், பாயில் பதினைந்து பேர், ஓரத்தில் பெருமை தாங்காமல் மாமா. பருத்திப் புடவை கட்டி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, “இந்த வீட்டுக் கொசுக்களுக்கு இதுதான் கடைசி வாரம்” என்று ஆரம்பித்தேன். கைதட்டினார்கள்.

“உங்க தலைக்கு மேல என்னம்மா அது?” என்றார் மாலதி மேடம்.

அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு ஒரு முழம் மேலே கொசுக்கள் கூட்டமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நான் அசரவில்லை.

“இதெல்லாம் ஆண் கொசு மேடம். கடிக்காது. பொழுது சாயற நேரத்துல, உயரமா எது தெரியுதோ அது மேல கூடி நின்னு பெண் கொசுவுக்குக் காத்திருக்கும்.” ஒரு பக்கம் நகர்ந்தேன். கூட்டமும் நகர்ந்தது. “பாருங்க, எவ்வளவு அற்புதமான நடத்தை!”

பட்.

பாயில் யாரோ முழங்காலில் அடித்துக்கொண்டார்கள். பிறகு பட், பட். பிறகு எண்ண முடியவில்லை. மௌனத்துக்கு என்று வந்த கூட்டம், ஏதோ பஜனையில் உட்கார்ந்ததுபோல் தாளம் போட்டது. மாலதி மேடம் எழுந்து வந்து உள்ளங்கையை என் கண்ணாடிக்கு நேராக நீட்டினார். நடுவில் ரத்தம்.

“இதுவும் ஆண் கொசுதானாம்மா?”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கொசு முட்டையிட்டு முடித்ததும் மறுபடி ரத்தம் தேடிப் புறப்படும். இது முதல் பாடத்திலேயே இருக்கிறது. அந்த ரோட்டின் பிள்ளைத்தாய்ச்சிக் கொசுக்களை எல்லாம் பெயர் சொல்லாத குறையாக அழைத்து, வீட்டுச் சுவர் ஓரத்திலேயே பிரசவத்துக்கு இடம் கொடுத்து, பிறகு அவற்றின் பசிக்குப் பதினைந்து பேரைப் பாய் விரித்து உட்காரவைத்திருந்தேன். சரி, தாய்கள் வந்த வழி தெரிந்தது. என் தலைக்கு மேல் ஆடிய பிள்ளைகள் எப்படிப் பன்னிரண்டு நாள் கணக்கில் நாலு நாள் முந்திக்கொண்டன?

கீழே ஓடினேன். மருந்து போட்ட ஆறு வாளியிலும் உயிரோடு ஒரு புழு இல்லை. போடாத ஆறிலும் தண்ணீரே தெரியவில்லை. அழுகிய சாமந்தியும் ரோஜாவும்தான் மிதந்தன. பின்னாலேயே வந்த மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சாமி படத்துப் பூம்மா. பழசைக் கால் படற எடத்துல போடக் கூடாதுல்ல. கெணத்தையும் மூடிட்டாங்க. அதான் டெய்லி இதுல போட்டேன்.”

“தொடாதீங்கனு எழுதியிருந்தேனே மாமா?”

“தொடவே இல்லம்மா. மேலாப்புலருந்துதான் போட்டேன். அதுவும் மருந்து கலக்காத வாளியிலதான். சாமி பூவப் போய் மருந்துத் தண்ணியில போடுவாங்களா?”

அழுகும் பூ புழுவுக்குச் சத்துணவு. வாசனை நான் வைத்தது, விருந்து மாமா வைத்தது, வேக வைத்தது சித்திரை வெயில். ஏசி அறையின் கணக்கைத் திருவண்ணாமலை வெயிலுக்குப் போட்டவளை என்ன சொல்வது?

மறுநாள் காலையில் குழு வேறு விடுதிக்கு மாறியது. அவர்களுடைய பெட்டிகளை மாமாதான் வேனில் ஏற்றினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “டிபன் சாப்ட்டியாம்மா?” என்று கேட்டார், எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுது முடித்ததும் வேலையில் இறங்கினேன். ஒரு மாதம் லீவு போட்டு எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தேன். தொட்டிகளுக்கு மூடி வாங்கினேன். பன்னிரண்டு வாளியிலும் மருந்து கலந்து, வீட்டைவிட்டு விலகி, காலி மனையின் கோடியில் கொண்டுபோய் வைத்தேன். மாமா பூக்களை மாமரத்தடியில் போட ஆரம்பித்தார். மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களே வந்து, “உங்க பக்கம் மட்டும் எப்படிங்க கொசு கம்மியா இருக்கு?” என்று விசாரித்தார்கள். (சொன்னேன் அல்லவா, யோசனையில் குறை இல்லை!)

அந்தத் தைரியத்தில் மாமா அடுத்த சித்திரைக்கு மாலதி மேடத்தை மறுபடி கூப்பிட்டார். அவர் யோசித்தார். பிறகு வருவதாகச் சொன்னார், ஒரே ஒரு நிபந்தனையோடு. “அந்தப் பொண்ணு ஊர்ல இருக்கக் கூடாது.”

மாமா சிறிதும் யோசிக்காமல் ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து வருடம் தவறாமல் அவர்கள் வருகிறார்கள். எட்டு அறையும் நிறைகிறது, அக்கா உடம்பு தேறிவிட்டாள். நானும் டாக்டர் ஆகிவிட்டேன். கொசு ஒழிப்புக்கு யோசனை கேட்டு எத்தனையோ ஊர்களில் கூப்பிடுகிறார்கள். சித்திரை மாதத்தில் அந்தப் பத்து நாளும் என் சொந்த அக்கா வீட்டுக்குள் மட்டும் நான் நுழைய முடியாது. போன வருடம் அக்கா பையனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நாள் ஒன்று குறித்துக் கொடுத்தார். மாமா அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அன்னிக்கு மாலதி மேடம் இருப்பாங்க சாமி. புள்ளைக்குச் சித்தி வர முடியாது. வேற நாள் பாருங்க.”