துளை ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய்

ஒரு காட்டில், அதாவது நடுவில் நாலுவழிச் சாலை போட்டபிறகும் அரசாங்கக் காகிதத்தில் காடாகவே இருந்துவரும் ஒரு காட்டில், நமச்சிவாயம் என்கிற முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தார். வளைகளுக்குப் பட்டா கொடுக்கும் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. வீட்டிலிருந்து அலுவலகம் ஒன்பது கிலோமீட்டர். எட்டு வருடமாக நடந்துதான் போய்வந்தார்.

வழியில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு சிறுத்தை. முதல் வருடம் சிறுத்தை அவரை ஒருமுறை கவ்விப் பார்த்தது. உதட்டில் ஏறிய ஏழு முட்களைப் பிடுங்கி எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. அன்று முதல் இருவருக்கும் நல்ல பழக்கம். "வணக்கம் சார், ஆபீஸா?" என்று சிறுத்தை எட்ட நின்று விசாரிக்கும். "ஆமாங்க" என்று முதுகைச் சிலிர்த்தபடி இவர் கடந்துபோவார்.

இந்த நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தது எதிர் வளை ஆவுடையப்பன். ஆவுடையப்பன் ஓர் ஆமை. அவர் வங்கியில் கடன் போட்டுக் கார் வாங்கினார். கோயில் வாசலில் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பூசைக்குப் போய்வந்த நமச்சிவாயத்தின் மனைவி செண்பகவல்லி, சந்தனத்தைக்கூடத் துடைக்காமல் கேட்டாள்.

"என்னங்க, ஆமை கார்ல போகுது. நீங்க நடந்து போறீங்க. ரோட்டுல பாக்குறவங்க யாரை ஆமைன்னு நெனைப்பாங்க?"

நமச்சிவாயம் எதையும் விசாரித்துச் செய்கிறவர். நேராக ஆவுடையப்பனிடமே போனார்.

"கடன்ல வாங்கிடுங்க சார். ஏழு வருஷம் கட்டினா வண்டி நம்மளுது" என்றார் ஆமை.

"ஏழு வருஷத்துல அது பழைய இரும்புக்குத்தானே போகும்?"

"எனக்கு இப்பத்தான் தொண்ணூறு. இன்னும் நூறு வருஷம் ஓட்டுவேன், எனக்குக் கட்டுபடியாகும். நீங்க எத்தனை நாள் இருக்கறதா உத்தேசம்?"

இப்படிக் கேட்டால் யாரும் வேறு இடத்தில்தான் விசாரிப்பார்கள். நமச்சிவாயமும் அப்படியே செய்தார்.

சாலையோரத்துக் கார்க் கம்பெனியில் தினகர் என்ற உடும்பு விற்பனை அதிகாரி. கழுத்தில் டை. கைகுலுக்கினான். குலுக்கிய கையைக் கையெழுத்து வாங்கும்வரை விடவில்லை.

"வாங்குறதெல்லாம் அந்தக் காலம் சார். வாங்கினா மாசம் பதினெட்டாயிரம், முன்பணம் வேற. லீஸ்னா, அதாவது குத்தகைன்னா, வெறும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. முன்பணம் கிடையாது. இன்சூரன்ஸ் எங்களுது. வருஷம் முடிஞ்சா சாவியைக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்."

நமச்சிவாயம் கழித்துப் பார்த்தார். மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு மிச்சம். உடனே கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் நாற்பத்திரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ஒரு கார் சிரித்துக்கொண்டிருந்தது. மற்ற பக்கங்களின் எழுத்து எறும்பு படிக்கிற அளவில் இருந்தது.

கார் வந்தது. செண்பகவல்லி எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தாள். தினகர் குறுக்கே விழுந்து தடுத்தான்.

"அக்கா, சக்கரத்துக்கு அடியில வேணாம். கறை பட்டா சேதாரக் கணக்குல வரும். பக்கத்துல வச்சுக் கும்பிட்டுக்குங்க."

"நசுங்காத எலுமிச்சம்பழத்துக்கு என்னப்பா பலன்?"

"ரசம் வைக்கலாம் அக்கா."

குங்குமத்துக்கும் தடை. பின்கண்ணாடியில் குலசாமி பெயர் ஒட்டவும் தடை. ஆனாலும் கார் கார்தான். மறுநாள் பள்ளத்தைக் கடக்கும்போது சிறுத்தை புழுதியைத் தின்றுகொண்டு நின்றது. நமச்சிவாயம் எட்டு வருடத்தில் முதல்முறையாக அதற்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் தினகர் சோதனைக்கு வந்தான். ஓட்டுநர் இருக்கையைத் தடவித் தடவி எண்ணினான்.

"நாப்பத்தேழு துளை சார். இருபத்தொன்பதாம் பக்கம் பாருங்க. துளை ஒண்ணுக்கு ஐந்நூறு. இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு வருது. வண்டியைத் திருப்பிக் குடுக்கும்போது கட்டினாப் போதும்."

"நான் முள்ளம்பன்றிங்க!"

"அது பொறந்ததுலேர்ந்து உங்களுக்குத் தெரியுமே சார். எங்களுக்குத்தான் புதுசு."

செண்பகவல்லி சாக்கில் ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். முள் சாக்கையும் துளைத்தது, சீட்டையும் துளைத்தது. ஒரு வாரம் நின்றுகொண்டே ஓட்டினார். கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் கரடியின் முடிதிருத்தகத்துக்குப் போய் நாற்காலியில் கவிழ்ந்து படுத்தார்.

"மொட்டையா சார்? எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்றது கரடி.

"காருக்கு."

கரடி கத்தியைக் கீழே வைத்தது. "சார், இது மயிர் இல்ல. யோசிச்சுக்குங்க. இறக்கினதை ஒட்டிக் குடுக்க என்னால ஆகாது."

"நான்தான் இனிமே நடக்கப்போறதே இல்லையே" என்றார் நமச்சிவாயம்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் மழித்துக்கொண்டார். இருக்கையில் அதற்குப்பிறகு ஒரு துளை விழவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் செண்பகவல்லியிடம், "இவரு உங்க தம்பியா?" என்று கேட்டார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

பத்தாவது மாதம் தினகர் போன் செய்தான். "சார், வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர்னு கணக்கு. இன்னையோட முடிஞ்சுது. இனிமே கிலோமீட்டருக்கு அம்பது ரூபா."

அலுவலகத்துக்கு மட்டும் ஓட்டியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் செண்பகவல்லிக்குப் பதினான்கு திசையில் உறவு. பதினான்கு வாசலிலும் கார் போய் நின்று ஒலி எழுப்பியிருந்தது.

நமச்சிவாயம் காருக்கு உறை போட்டு மூடினார். அன்றிரவு பூதக்கண்ணாடி வைத்து ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். மறுநாள் காலை சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடக்கக் கிளம்பினார்.

செண்பகவல்லி வாசலை மறித்தாள். "என்னங்க, முதுகுல ஒரு முள்ளு இல்ல. பள்ளத்துல அந்தப் பாவி நிக்கும். இன்னைக்கு ஒரு நாள் கார எடுங்க!"

"போக வர தொள்ளாயிரம் ரூபாய்டி."

"உங்க உசுரு தொள்ளாயிரம் பெறாதா?"

நமச்சிவாயம் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "ஒரு நாளைக்குன்னா பெறும். ரெண்டு மாசத்துக்குப் பெறுமான்னு தெரியலை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சிறுத்தை பள்ளத்தில்தான் இருந்தது. வழுவழுவென்று வந்த உருவத்தை இரண்டு முறை சுற்றிவந்து முகர்ந்தது.

"நமச்சிவாயம் சாரா?"

"ஆமாங்க."

"முள்ளெல்லாம்?"

"சீட்டு ஓட்டையாகுதுன்னு எடுத்துட்டேன்."

"சரி, காரு?"

"வீட்டுல. கிலோமீட்டர் தீர்ந்துபோச்சு."

சிறுத்தை சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எட்டு வருஷம் சார். எட்டு வருஷம் உங்களுக்கு வணக்கம் சொல்லியிருக்கேன்" என்று வாயைத் திறந்தது.

எழுத்தரின் வாய், உயிர் போகிற நேரத்திலும் விதியைத்தான் சொல்லும். "ஒரு நிமிஷம். முப்பத்தெட்டாம் பக்கம். குத்தகைதாரர் நடுவுல இல்லாமப் போனா, அவர் யார் வசம் போறாரோ அவங்கதான் மிச்சத்தைக் கட்டணும். நீங்க என்னைச் சாப்பிட்டா நான் உங்க வசம்."

"சும்மா கதை விடாதீங்க."

"போன் பண்ணிக் கேளுங்க."

சிறுத்தை அவர் கழுத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மறு காலால் தினகருக்குப் போன் போட்டது.

"தாராளமா சாப்பிடுங்க சார்!" தினகரின் குரல் பள்ளம் முழுக்கக் கேட்டது. "உங்க பேரு, இருப்பிடம், அடையாள அட்டை நம்பர் மட்டும் சொல்லுங்க, கணக்கை உங்க பேருக்கு மாத்திடறேன். ரெண்டு மாசத் தவணை, சீட்டுல விழுந்த துளைங்க, இடையில முடிச்சதுக்கு அபராதம். தொகை பெருசு இல்ல சார். வசூலுக்குத் தெனம் காலைல நம்ம ஆளு குகைக்கு வந்துடுவாரு. நல்லவரு, கட்டுற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாரு. சார்? லைன்ல இருக்கீங்களா?"

சிறுத்தை போனை வைத்தது. கழுத்திலிருந்து காலை எடுத்தது. நமச்சிவாயத்தின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டது.

"கிளம்புங்க சார். ஆபீஸுக்கு நேரமாச்சு."

அன்று நமச்சிவாயம் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே கார்க் கம்பெனிக்குப் போனார். குத்தகையை இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டிக் கேட்டார். தினகருக்கே ஆச்சரியம்.

"சார், வண்டில ஏதாவது மாத்தணுமா? கலரு, சீட்டு?"

"வண்டி கெடக்கட்டும். அந்த முப்பத்தெட்டாம் பக்கத்தை மட்டும் மாத்திடாதீங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினால், பின்னால் வரிசையில் சிறுத்தை நின்றுகொண்டிருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தியது.

"தம்பி, இந்த ஒப்பந்தம் புலிகிட்டயும் செல்லுமா?"

"சிங்கம் வரைக்கும் செல்லும் சார்" என்று தினகர் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கியவன் அந்த நகங்களைக் கவனித்தான். "ஆனா சீட்டு கிழியுமே?"

சிறுத்தை தன் நகங்களைச் சற்று நேரம் பார்த்தது. பிறகு நமச்சிவாயத்தின் பக்கம் திரும்பியது.

"எடுக்கும்போது வலிக்குமா சார்?"

நீதி: புதுக் காரை வாங்குவது மலிவா, குத்தகைக்கு எடுப்பது மலிவா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எதை எடுத்தாலும் கொஞ்சம் பாக்கி வைத்திருங்கள், பாக்கி உள்ளவனை விழுங்க யாருக்கும் துணிவு வராது.